சுவரெல்லாம் சித்திரம்! பார்க்கக் காசு வேண்டாம்!

சென்னையில் ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே ஓவியம் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டாம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்!

அந்த இடம் கண்ணகி நகர். துரைப்பாக்கத்தில் இருக்கிறது. நகரின் பல பகுதிகளில் குடிசையில் வாழ்ந்த ஏழைகளை, 2000-ம் ஆண்டு முதல் அரசு அங்கே குடியேற்றியது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்!

வீடு கிடைத்தது. கெட்ட பெயரும் கூடவே வந்தது. "கண்ணகி நகரா?" என்று கேட்டு, வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் உண்டு.

தேடி வந்தார்கள்

2020-ம் ஆண்டில் 'ஸ்டார்ட் இந்தியா' என்ற அமைப்பு, சென்னை மாநகராட்சியின் துணையோடு அங்கே சித்திரம் தீட்டியது. உள்நாட்டு ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் வந்தார்கள். மாடி வீட்டுச் சுவர்களில், மாடி உயரத்துக்குப் படங்கள் எழுந்தன. அங்கே வாழும் பிள்ளைகளின் முகமும் சுவரில் சிரித்தது. அதைப் பார்க்க வெளியார் தேடி வந்தார்கள்.

நம் பனமலை

சுவர்ச் சித்திரம் நமக்குப் புதிது அல்ல. விழுப்புரம் மாவட்டம் பனமலைக் குன்றில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய சிவன் கோயில் உண்டு. அங்கே குடையின் கீழ், ஒரு காலை மடக்கி நிற்கிறாள் பார்வதி. அந்த ஓவியத்துக்கு வயது சுமார் 1,300! திண்டிவனத்தார் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

அன்று மன்னன் கோயில் சுவரில் எழுதச் செய்தான். இன்று ஏழை வீட்டுச் சுவருக்கும் அந்த யோகம்!

வர்ணம் பூசினால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. ஆனால், தன் தெருவின் பெயரை ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து சொன்னால், பூசிய வர்ணம் வீண் போகவில்லை.