துறைமுக நாட்டின் ஆதிக்குடிகளும் விஞ்ஞானக் கல்வியும்



திருகோணமலை என்றதும் இயற்கைத் துறைமுகமும் கோணேசர் கோயிலும் நம் நினைவுக்கு வருகின்றன. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் ஆகிய பகுதிகளில் வாழும் கரையோர வேடரை நினைப்போர் மிகச் சிலர். வேடர் என்றால் மகியங்கனைக் காடும் தோளிற் கோடரியும் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இவர்களோ தமிழ் பேசுகின்றனர்; மீன் பிடிக்கின்றனர்; காட்டிலே தேன் எடுக்கின்றனர். 1911ஆம் ஆண்டு செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலிலும் இக்கரையோர மக்கள் இடம்பெற்றுள்ளனர். 2004இன் ஆழிப்பேரலையும் 2006இன் போரும் இப்பகுதி மக்களைப் பெரிதும் அலைக்கழித்தன.

இம்மக்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயில வழி யாது? நமது அனுமதி முறையில் நூற்றுக்கு 40 இடங்கள் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலையும் பின்தங்கிய மாவட்டமே. ஆயினும் இக்கணக்கு மாவட்டத்தைத்தான் காண்கிறது. அதனுள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காண்பதில்லை. நகரத்துக் கல்லூரி மாணவனும், உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலையிற் படித்த வேடர் சிறுவனும் அதற்கு ஒன்றே. அச்சிறுவன் போட்டியில் தோற்பதில்லை, போட்டிக்கே வருவதில்லை.

வாயில் திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே அவன் கற்பது என்ன? மகாவலி கடலொடு கலக்கும் இக்குடாவில் ஆழ்கடற் பள்ளத்தாக்கு கரையை அண்மித்தே தொடங்குகிறது. கச்சான் வீசுங்கால் கடல் எவ்வாறிருக்கும், வாடை தொடங்கினால் எவ்வாறு மாறும் என்பதை இக்கரையின் முதியோர் வாழ்நாள் முழுதும் நோக்கி அறிந்தவர்கள். நோக்கலும் ஒப்பிடலும் விஞ்ஞானத்தின் தொடக்கமல்லவா? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானத்தோடு சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது. நம் முன்னோரின் மருந்தறிவுக்கு ஆசனம் அளித்த இடத்தில் வேடரின் கடலறிவுக்கும் காட்டறிவுக்கும் ஓர் ஆசனம் அளித்தல் அரிதன்று. அவ்வறிவையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சோதியாமலே தள்ளுவதுதான் விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது.

கனடாவில் ஆதிக்குடிப் பிள்ளைகளை விடுதிப் பாடசாலைகளில் அடைத்து அவர்தம் மொழியை அழித்த கொடுமையை ஆராய்ந்த ஆணைக்குழு, 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. ஆதிக்குடிகளின் அறிவைக் கற்பிக்கும் முறைகளில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தலும் அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் வேறொரு தீங்கையும் தவிர்த்தல் வேண்டும். முதியவரிடம் மூலிகையின் பெயரைக் கேட்டெழுதி, கட்டுரையில் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொள்வது நல்லிணக்கமாகாது. வெருகலிலிருந்து ஒரு முதியவர் வகுப்புக்கு வந்து பேசுவாராயின், வருகை விரிவுரையாளருக்கு அளிக்கும் வேதனத்தை அவருக்கும் அளிப்பதிலிருந்து தொடங்கலாம்.