மோப்ப நாயும் அயல் வளவும்

வேட்டைநாய்களுள் கண்ணை நம்பி ஓடுவன சில. மூக்கை நம்பி ஓடுவன சில. பின்னவையே மோப்ப வேட்டைநாய்கள் எனப்படும். 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், மரை வேட்டைக்காக இவ்வகை நாய்களைக் கூட்டமாக வளர்த்தார். கண்ணுக்கு எதுவும் புலனாகாத அடர்காட்டிலும் அவை மணத்தைப் பற்றிச் சென்றன. இவ்வகையுட் சிறியதான பீகிள், இன்று பல நாடுகளில் வீட்டுப் பிராணியாக வளர்க்கப்படுகின்றது.

முயல் வேட்டைக்கென இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட பீகிள், ஓரடிக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது, சாந்தமானது, குழந்தைகளோடு இணங்கி வாழ்வது. ஆயினும் அதனை ஆள்வது மூக்கேயாகும். ஒரு மணம் கிடைத்துவிட்டால், வளர்த்தவரின் அழைப்பு அதன் செவியில் ஏறாது. இது கீழ்ப்படியாமையன்று, மனிதனே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இயல்பு. கூட்டமாக வாழ்ந்த இனமாதலின், தனித்து விடப்பட்டால் நெடுங்குரலில் ஊளையிடும்.

கல்முனைக் கரையோரத்தில் இவ்வியல்பு தனிக்கவனத்திற்குரியது. இங்கே தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன, வளவுகள் நெருங்கியவை, மீன் மணமும் கருவாட்டு மணமும் காற்றில் ஓய்வதில்லை. பாண்டிருப்பில் வளரும் நாய் அம்மணத்தின் பின்னே மருதமுனை முற்றமொன்றை அடைதல் எளிது. இங்குள்ள முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நாயின் எச்சில் பட்ட பொருளை ஏழு முறை கழுவுதல் வேண்டும். அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீராற் கழுவுதல் வேண்டும். அதுவரை அவ்வுடை தொழுகைக்கு உதவாது.

இவ்விதியை நாயின்மீதுள்ள வெறுப்பெனக் கொள்ளுதல் தவறு. பயிற்றப்பட்ட வேட்டைநாய் பிடித்த இரையைத் திருக்குர்ஆன் அனுமதிக்கின்றது. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வைத்திருக்க நபிமொழி இடந்தருகின்றது. தாகித்த நாய்க்கு நீர் வார்த்தவர் மன்னிப்புப் பெற்ற செய்தியும் அதிலுண்டு.

ஆதலின் வளர்ப்போரின் முதற்கடமை வேலியே. கிடுகு வேலி போதாது. நாய் அடியில் மண்ணைத் தோண்டி வெளியேறிவிடும். மதிலோ, நிலத்துட் சிறிது புதைத்த கம்பிவலையோ தேவை. வெளியே கொண்டு செல்லும்போது கழுத்துவாரும் கயிறும் இன்றியமையாதன. வெயில் ஏறுமுன்னும் தாழ்ந்தபின்னும் நாள்தோறும் நடத்திச் சென்றால், ஊளையும் குறையும். தொங்கும் காதினுள் ஈரம் தங்கிப் புண்ணாகக் கூடுமாதலின் வாரந்தோறும் பார்த்துத் துடைத்தல் நன்று. உணவை அளந்தே கொடுத்தல் வேண்டும். அன்றேல் விரைவிற் கொழுத்துவிடும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறவிடலாகாது.

நாயின் மூக்கு அயல் வளவின் எல்லையை அறியாது. அதனை அறிந்து காக்க வேண்டியவர் வளர்ப்பவரே.