நாம் சுவாசிக்கும் காற்று – 9: அறைக்குள் ஓசோன்

சமையலறைப் புகையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, பட்டாபிராமை அடுத்த தண்டுரையிலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மழைக்காலந்தோறும் தம் வீட்டு மேற்குச் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சை வாடை வீசுவதாகவும், அதைப் போக்குவதற்கென்று அவர் மகன் ஓசோன் உண்டாக்கும் சிறு யந்திரம் ஒன்றை வாங்கி வந்திருப்பதாகவும், ஆஸ்துமா உபாதையுள்ள மாமியார் உறங்கும் அறையில் இரவு முழுவதும் அதை ஓடவிடலாமா என்றும் கேட்கிறார். கூடாது என்பதே என் விடை. ஆனால் இது ஒரு வீட்டோடு முடியும் கேள்வி அல்ல. 2024 நவம்பரில் இருபத்தொரு மாடிகளோடு டைடல் பூங்கா திறக்கப்பட்டது முதல், நெடுஞ்சாலையின் இரு புறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், சன்னல்களை அடைத்துக் குளிரூட்டிய அலுவலகங்களும் பெருகிவரும் பட்டாபிராமில், ஆவடியில், அம்பத்தூரில், அடைபட்ட காற்றைச் சுத்தி செய்வதாகச் சொல்லும் யந்திரங்களுக்குத் தேவையும் பெருகிவருகிறது. ஆகையால் காரணங்களை விரித்துச் சொல்வது என் கடமையாகிறது.

ஓசோனுக்கு நம்மிடையே நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயர் நியாயமாகவே வந்தது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 15 முதல் 30 கிலோமீட்டர் உயரத்தில் பரந்திருக்கும் ஓசோன் படலம், சூரியனின் புறஊதாக் கிரணங்களைத் தடுத்து ஜீவராசிகளைக் காக்கிறது. அதன் அளவை உலகின் பல மூலைகளில் ஒரே முறையில் அளந்தறிய வேண்டுமென்று ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி டாப்சன் 1928-இல் தம் கருவிகளைத் தூர தேசங்களுக்கு அனுப்பியபோது, எகிப்துக்கும் நியூசிலாந்துக்கும் சென்றவற்றோடு ஒன்று நம் கொடைக்கானல் வானாய்வு நிலையத்துக்கும் வந்து சேர்ந்தது என்பது தமிழர் நினைவில் வைக்கத்தக்க செய்தி. இன்னும் அண்மையில் பார்க்கப்போனால், நம் தெருக்களில் சைக்கிளிலும் ஆட்டோவிலும் வந்திறங்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனின் சீட்டிலும் ஓசோனால் சுத்தம் செய்யப்பட்டது என்ற வாசகத்தைக் காணலாம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருள் காற்றையும் சுத்தம் செய்யும்தானே என்று எண்ணுவது இயல்பு; அந்த எண்ணத்தில்தான் பிழை தங்கியிருக்கிறது. கேனை மூடிய பின் உள்ளே இருக்கும் ஓசோன் சிறிது நேரத்தில் சிதைந்து சாதாரணப் பிராணவாயுவாக மாறிவிடுவதால், நாம் குடிக்கும்போது அதில் ஓசோன் இருப்பதில்லை. அறைக் காற்றில் ஓடும் யந்திரமோ, ஓசோன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் அதே நிமிஷத்தில் அதை நம்மையும் சுவாசிக்க வைக்கிறது.

அந்த வேலை எத்தகையது? இரண்டு அணுக்கள் சேர்ந்த பிராணவாயுவோடு மூன்றாவது அணு ஒன்று தளர்வாக ஒட்டிக்கொண்டிருப்பதே ஓசோன். அந்த மூன்றாவது அணு எதன் மீது பட்டாலும் அதைத் தாக்கி ஆக்ஸிகரணம் செய்துவிட விரைகிறது. பாக்டீரியாவின் மேலுறைக்கும் மனிதனின் சுவாசக் குழாயை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கும் அது பேதம் பார்ப்பதில்லை. அளவு கூடும்போது தொண்டை கரகரப்பு, இருமல், மார்பு இறுக்கம், சுவாசகோசத்தின் சக்திக் குறைவு ஆகியவை ஆரோக்கியமுள்ளவர்களுக்கே உண்டாகின்றன. ஆஸ்துமாக்காரர்களுக்கும், உடல் எடைக்கு மிகுதியான காற்றைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு விரைவில் வருகிறது.

இது நேற்று கண்டுபிடித்த உண்மை அன்று. லண்டன் மாநகரத்தின் சுரங்க ரயில் பாதை ஒன்றில் 1911 வாக்கில், கடற்கரைக் காற்றின் புத்துணர்ச்சியைத் தரும் என்ற நம்பிக்கையோடு ஓசோன் கலந்த காற்றைச் செலுத்தினார்கள். ஆனால் 1913-இலேயே ஜோர்டன், கார்ல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் பரிசோதனைகள் நடத்தி, மனிதர்கள் தாங்கக்கூடிய அளவில் ஓசோன் காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்வதில்லை, கொல்லும் அளவை மனிதர்கள் தாங்குவதில்லை என்ற முடிவுக்கு வந்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நூறாண்டு கடந்து இன்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுவது இதையே: கிருமிகள் மீண்டும் தலையெடுக்காதபடி ஒடுக்க வேண்டுமானால், சுகாதார வரம்பைப்போல 5 முதல் 10 மடங்கு ஓசோன் வேண்டும். சுவாசிக்கத் தக்கதும் பயனுள்ளதுமான ஓர் அளவு இடையில் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வெளிக்காற்றில் ஓசோன் 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2009-இல் நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நியமம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர்; ஆகவே அந்த அறை முழுவதற்கும் வரம்பு 2.8 மில்லிகிராம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது போன்ற, மணிக்கு 400 மில்லிகிராம் ஓசோன் உண்டாக்கும் ஒரு யந்திரம், அந்த 2.8 மில்லிகிராமை 25 விநாடிகளில் கக்கிவிடும். சுவரிலும் திரைச்சீலையிலும் நம் தோலிலும் தலைமயிரிலும் பட்டு ஓசோன் இடைவிடாமல் அழிந்துகொண்டிருக்கும் என்பது உண்மைதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது என்று கொண்டாலும், யந்திரம் ஓடும் வரை அந்த அறையில் வரம்பைப்போல் 30 மடங்குக்கு மேலாகவே ஓசோன் நிலைத்து நிற்கும்.

அழிந்துபோகும் ஓசோனாவது தீங்கின்றிப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. தரை துடைக்கும் எலுமிச்சை மணத் திரவத்திலும், பைன் எண்ணெய் கலந்த ஃபினாயிலிலும், அறைக்குத் தெளிக்கும் வாசனைத் தைலங்களிலும் டெர்ப்பீன் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. இவற்றோடு ஓசோன் சேரும்போது ஃபார்மால்டிஹைடும், எந்தத் தூசியினும் நுண்ணிய துகள்களும் பிறக்கின்றன. காலையில் மணக்க மணக்கத் தரையைத் துடைத்துவிட்டு ஓசோன் யந்திரத்தை முடுக்கும் இல்லத்தரசி, தாம் அறியாமலே தம் வீட்டுக்குள் புதிதாய் ஒரு மாசை உற்பத்தி செய்கிறார்.

வாடை போய்விட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். ஓசோனின் கூரிய வாசனை மற்ற வாசனைகளை மறைக்கிறது. சிறிது நேரத்தில் மூக்கும் அதற்குப் பழகிவிடுகிறது. தண்டுரை வாசகியின் சுவரில் பூஞ்சை வாழ்வது ஈரத்தால். வெளிப்பூச்சில் உள்ள வெடிப்பையோ, மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாயின் கசிவையோ கண்டுபிடித்து அடைத்து, சுவரைக் காயவிட்டு, கெட்ட பூச்சைச் சுரண்டியெடுத்துப் புதிதாகப் பூசுவதன்றி அதற்கு வேறு பரிகாரம் இல்லை. செத்த பூஞ்சையின் துகளும் ஆஸ்துமாக்காரரைத் தொல்லைப்படுத்தும் என்பதால், ஓசோனால் அது செத்தாலும் லாபமில்லை. யந்திரம் ஒன்று இருந்தே ஆக வேண்டுமென்றால், ஓசோனையோ அயனிகளையோ உண்டாக்காத, ஹெப்பா வடிகட்டியும் விசிறியும் மட்டும் கொண்ட ஒன்றை வாங்குவது உத்தமம். மனிதர், பறவை, பிராணி எதுவும் இல்லாத இடத்தில், பயிற்சி பெற்றவர்கள் ஓசோனைச் செலுத்தி, பிறகு கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட விட்டபின் ஆட்களை அனுமதிக்கும் முறையை நான் மறுக்கவில்லை. அது வேறு தொழில்.

பிற தேசங்களில் சட்டம் இதில் தலையிட்டிருக்கிறது. மருத்துவ உபகரணமாக வீட்டுக்குள் வைக்கப்படும் எதுவும் காற்றில் ஓசோனைப் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் சேரவிடலாகாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி. நம் வெளிக்காற்று வரம்பும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆல்பைன் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், தன் ஓசோன் யந்திரங்களைப் பற்றி நிரூபிக்கப்படாத வாக்குறுதிகளைத் தந்ததற்காக 2001-இல் சுமார் 15 லட்சம் டாலர் அபராதத்துக்கு உள்ளாயிற்று. அந்த 0.05 என்ற வரம்பை மீறும் காற்றுச் சுத்திகரிப்பு யந்திரங்களைக் கலிபோர்னியா மாகாணம் 2010 முதல் விற்கவே விடுவதில்லை. இங்கும் அப்படியொரு தடை வர வேண்டும்; மணிக்கு எத்தனை மில்லிகிராம் ஓசோன் வெளிவருகிறது என்பதை ஒவ்வொரு பெட்டியின் மீதும் தமிழில் அச்சிடும்படி விற்பனையாளரைக் கட்டாயப்படுத்த வேண்டும். அது வரும் வரை, கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். "செயலூட்டிய ஆக்சிஜன்" போன்ற வேறு பெயர்களில் ஓசோனை விற்றால் ஏமாறாதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள், வீட்டில் ஆள் இருக்கும்போது அதன் சுவிட்சைப் போடவே வேண்டாம்.

(தொடரும்)