மண்ணுக்குள் இறங்கிய பெட்ரோல் எந்தப் பக்கம் போகும்?

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் சில வீடுகளின் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. மூக்கைத் துளைக்கும் வாடை! துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்கு மண்ணுக்கடியில் போகும் குழாய் கசிந்திருந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கசிந்த இடம் ஒன்று, எண்ணெய் போய்ச் சேர்ந்த கிணறுகள் வேறு. அது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மண்ணூர், ஒரகடம் பக்கம் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பெட்ரோல் பங்க்குகளைக் கடந்து போயிருப்பீர்கள். பம்பு மட்டும்தான் கண்ணில் படும். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் தொட்டிகள் தரைக்கடியில் புதைந்திருக்கின்றன. பழைய இரும்புத் தொட்டி ஈர மண்ணில் துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலே ஆபத்துதான். நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால், ஒரே நாளில் 4 லிட்டருக்கு மேல்!

அதனால் பழைய தொட்டியைத் தோண்டி எடுத்ததும் குழியை உடனே மூடிவிடக் கூடாது. குழியின் அடியிலும் பக்கச் சுவர்களிலும் மண் எடுக்க வேண்டும். அதைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். எதற்கு இவ்வளவு அவசரம்? பெட்ரோலில் இருக்கும் பென்சீன் எளிதில் ஆவியாகிவிடும். மூடி தளர்ந்தால் சாட்சியே பறந்துவிடும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று நினைக்காதீர்கள். அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. லிட்டருக்கு முக்கால் கிலோ அளவுதான் எடை. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். அதிலிருந்து கொஞ்சம் பென்சீன் நீரில் கரையும். அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் அது ஒளிந்திருக்கலாம்.

நிலத்தடி நீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, மெல்ல நகர்கிறது. எந்தப் பக்கம்? இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகளை முக்கோணமாகப் போடுவார்கள். முதல் இரண்டு கிணறுகளிலும் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 24.60 மீட்டர், மூன்றாவதில் 24.10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, மூன்றாவது கிணறு இருக்கும் பக்கமாகத் தண்ணீர் போகிறது. அந்தப் பக்கத்து வீட்டுக் கிணறுகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கிணறு இரண்டே இருந்தால் இதைச் சொல்ல முடியாது. ஏன் என்று தாளில் வரைந்து பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து நிலம் இன்னொரு சிக்கலையும் வைத்திருக்கிறது. டைனோசர் காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும் இங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மணலில் எண்ணெய் சரசரவென்று போகும், களியில் தேங்கும். ஓரிடத்து மண்ணை மட்டும் பார்த்து ஊருக்கே முடிவு சொல்ல முடியாது.

பருவமழையும் கணக்கில் சேரும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மேலே மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கி வழியெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் மட்டம் ஏறினால் ஒட்டிய எண்ணெயில் கொஞ்சம் தண்ணீருக்கடியிலேயே சிக்கிக்கொள்ளும். மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை என்று அளந்தால்தான் உண்மை தெரியும்.

சுத்தம் செய்ய மண்ணிலேயே ஆள் இருக்கிறது! சில பாக்டீரியாக்கள் பெட்ரோலையே உணவாக்கிக்கொள்ளும். அவற்றுக்கு ஆக்சிஜன் தேவை என்பதால், குழாய் இறக்கி மண்ணுக்குள் காற்றைச் செலுத்துவார்கள். மிதக்கும் எண்ணெயை பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மிச்சத்தை அவற்றிடம் விடுவார்கள். அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதுவரை அதே கிணறுகளில் மாதிரி எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.