எண்ணெய்க் கப்பல் பங்கு: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

வெளிநாட்டுப் பங்குகளைக் கைபேசிச் செயலியிலேயே வாங்கும் வசதி வந்த பிறகு, நியூயார்க், ஆஸ்லோ போன்ற சந்தைகளில் வணிகமாகும் எண்ணெய்க் கப்பல் நிறுவனப் பங்குகளை இந்தியாவிலிருந்து வாங்குவோரிடம் இரண்டு பிழைகள் ஓயாமல் தென்படுகின்றன. ஓராண்டின் லாபத்தை மட்டும் பார்த்து, அதுவே நிறுவனத்தின் நிலையான வருமானம் என்று முடிவுகட்டிப் பணத்தை இறக்குவது ஒன்று. வாங்கிய பங்கை வருமானவரிக் கணக்கில் காட்டாமலே விட்டுவிடுவது மற்றொன்று. முன்னது போட்ட பணத்தைக் கரைக்கும். பின்னதோ, முதலீடு லாபத்தில் இருந்தாலும் நட்டத்தில் இருந்தாலும், ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது. இவ்விரண்டையும் தவிர்க்கத் தேவையான ஆவணங்கள் அனைத்தும் இலவசமாகவே கிடைக்கும்போது, அவற்றைப் புரட்டிப் பார்க்கக்கூட முயலாமல், முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் தகவலை நம்பிச் சேமிப்பை ஒப்படைப்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய கவனக்குறைவு அன்று.

கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுசெல்லும் கப்பல் வேறு. ஆலையிலிருந்து வெளிவரும் டீசல், பெட்ரோல், விமான எரிபொருள், நாப்தா ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் கப்பல் வேறு. இரண்டாம் வகையே புராடக்ட் டேங்கர் எனப்படுகிறது. ஏறத்தாழ 50,000 டன் சுமக்கும் எம்.ஆர். வகையும், 1,10,000 டன் அளவுக்குச் சுமக்கும் எல்.ஆர்.2 வகையும் இவற்றுள் பரவலானவை. இக்கப்பல்கள் ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று அன்றைய சந்தை விலையில் ஓடினால் அது ஸ்பாட். ஓராண்டு, மூன்றாண்டு என நாள் வாடகை பேசி மொத்தமாக விடப்பட்டால் அது டைம் சார்ட்டர். பயணக் கட்டணத்திலிருந்து கப்பலின் எரிபொருள், துறைமுகக் கட்டணம், கால்வாய்க் கட்டணம் ஆகியவற்றைக் கழித்து, மீதியை நாள் கணக்கில் வகுத்தால் கிடைப்பது டி.சி.இ. என்ற எண். மொத்த வருவாய் எவ்வளவு உயர்ந்தது என்று செய்தித்தலைப்பு கூவினாலும், இத்துறையில் பார்க்க வேண்டியது அந்த ஒரு நாள் வருமானத்தைத்தான்.

மொனாகோவைத் தலைமையிடமாகக் கொண்டு நியூயார்க் சந்தையில் பட்டியலாகியுள்ள ஸ்கார்பியோ டேங்கர்ஸ் நிறுவனத்தின் கணக்கு, இத்துறையின் இயல்பை ஒளிவின்றிக் காட்டுகிறது. 2021-ஆம் ஆண்டில் சுமார் 23 கோடி டாலர் நட்டம் கண்ட அந்நிறுவனம், அடுத்த ஆண்டே சுமார் 64 கோடி டாலர் லாபம் ஈட்டியது. 2023-இல் லாபம் 55 கோடி டாலருக்கு அருகிலும், 2024-இல் 67 கோடி டாலருக்கு அருகிலும் நின்றது. நிர்வாகத்தின் திறமை ஓராண்டில் இப்படித் தலைகீழாக மாறிவிடுவதில்லை; மாறியது சரக்குக் கட்டணம். 2024-இன் லாபத்திலும் பல கப்பல்களை விற்றுக் கிடைத்த ஆதாயம் கலந்திருக்கிறது; விற்ற கப்பலை மறுபடி விற்க முடியாது என்பதால், அந்தப் பகுதியைக் கழித்துவிட்டே கப்பல் ஓட்டத்தில் கிடைத்த லாபத்தை மதிப்பிட வேண்டும். உச்ச ஆண்டின் லாபத்தை அடிப்படையாக வைத்துப் பங்கு மலிவு என்று முடிவுசெய்வது, தை முகூர்த்த நாளில் மதுரை மல்லிகை விற்ற விலையைக் கொண்டு தோட்டத்தின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும்.

இதே நிறுவனம் 2010-இல் பங்கொன்றை 13 டாலருக்கு முதன்முறையாக வெளியிட்டது. 2019 ஜனவரியில் பத்துப் பங்குகளை ஒன்றாக இணைத்ததால், அன்றைய 13 டாலர் என்பது இன்றைய கணக்கில் 130 டாலர். லாபம் கொழித்த 2024-ஆம் ஆண்டின் உச்சத்தில்கூடப் பங்கின் விலை அந்த 130 டாலரைத் தொடவில்லை. செயலிகள் காட்டும் ஓராண்டு வரைபடத்தில் இந்த வரலாறு தெரியாது. பத்தாண்டு வரைபடத்தைப் பார்க்காமல் கப்பல் பங்கை வாங்கக் கூடாது என்பதை எத்தனை முறை வலியுறுத்தினாலும் மிகையாகாது. மும்பைச் சந்தையில் உள்ள கிரேட் ஈஸ்டர்ன் ஷிப்பிங் நிறுவனமும், கச்சா எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, தானியம் எனப் பலவகைச் சரக்குக் கப்பல்களைக் கலந்து வைத்திருந்தும், 2021-22-இல் சுமார் 630 கோடி ரூபாயாக இருந்த லாபம் அடுத்த நிதியாண்டில் சுமார் 2,575 கோடி ரூபாயாகத் தாவியதைக் கண்டது.

ஸ்கார்பியோவிடம் ஏறத்தாழ நூறு கப்பல்கள் இருப்பதாகக் கொண்டால், நாள் வருமானம் கப்பலுக்கு ஆயிரம் டாலர் குறைந்தாலே ஆண்டில் 3.65 கோடி டாலர் போய்விடும். பத்தாயிரம் டாலர் குறைந்தால் 36.5 கோடி டாலர் போகும், அதாவது 2023-இன் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மாலுமிகளின் சம்பளம், காப்பீடு, கடன் வட்டி ஆகியவை கட்டணத்தோடு சேர்ந்து குறைவதில்லை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் டாலர் ஏற்றத்தாழ்வு என்பது இச்சந்தையில் சில மாதங்களிலேயே நிகழக்கூடியது.

2023, 2024 ஆகிய ஆண்டுகளில் கட்டணம் உயர்ந்து நின்றதற்கான காரணங்கள் வெளிப்படையானவை. 2023 பிப்ரவரி 5 முதல் ரஷ்யாவின் டீசல் முதலான பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததால், அருகிலிருந்து வந்த சரக்குக்கு மாற்றாக ஐரோப்பா வளைகுடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வாங்கத் தொடங்கியது. ரஷ்யச் சரக்கு துருக்கி, பிரேசில் எனத் தொலைவுக்குப் போயிற்று. அதே சரக்கு, ஆனால் நெடும்பயணம். பின்னர்ச் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் வந்தன. 2024 ஜனவரி 26 அன்று ஏடன் வளைகுடாவில் நாப்தா ஏற்றிச்சென்ற மார்லின் லுவாண்டா கப்பல் ஏவுகணையால் தீப்பற்றியபோது, அதில் இருந்த மாலுமிகளுள் 22 பேர் இந்தியர். தீயணைக்க விரைந்தது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம். சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்கள் கூடுதல் நாள்களைக் கடலில் கழித்ததால், கைவசமுள்ள கப்பல்கள் போதாமல் கட்டணம் ஏறியது.

இக்காரணங்களுள் எதுவும் நிலையானதன்று. செங்கடல் வழி முழுமையாகத் திறந்தால் பயணம் சுருங்கும். 2022-இல் மிகக் குறைவாக இருந்த புதுக் கப்பல் ஆர்டர்கள் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருகின; கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், லாபம் கொழித்த காலத்தில் கொடுத்த ஆர்டர்கள் பின்னர் ஒரே காலத்தில் கடலில் இறங்கிக் கட்டணத்தை அழுத்தும். 2024-இன் நடுவில், கச்சா எண்ணெய்ப் பெருங்கப்பல்களே தொட்டிகளைக் கழுவிக்கொண்டு டீசல் ஏற்ற வந்து போட்டியாக நின்றன. அவ்வாண்டின் பிற்பகுதியில் கட்டணம் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மறுபுறம், இருபது ஆண்டுகளைக் கடந்த முதிய கப்பல்கள் மிகுந்திருப்பதும், ரஷ்யக் கச்சாவிலிருந்து வேறு நாட்டில் பிரித்தெடுத்த பொருள்களையும் 2026 ஜனவரி 21 முதல் ஐரோப்பா தடுத்திருப்பதும் கட்டணத்துக்கு ஆதரவானவை. இந்தியாவின் ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலையின் ஏற்றுமதித் திசையையே மாற்றக்கூடியது இந்த ஐரோப்பியத் தடை. ஏறும் என்றோ இறங்கும் என்றோ உறுதி கூறுபவர் யாராயினும் அவரை நம்ப வேண்டியதில்லை.

நம்ப வேண்டியது ஆவணத்தை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில், வெளிநாட்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 20-எஃப் என்ற அறிக்கை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் 4-ஆம் பிரிவில் உள்ள கப்பல் பட்டியலைப் பார்த்து, எத்தனை கப்பல் ஸ்பாட்டில் ஓடுகிறது, எத்தனை வாடகை ஒப்பந்தத்தில் உள்ளது, ஒப்பந்தம் என்று முடிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 5-ஆம் பிரிவில் கப்பல் வகைவாரியான டி.சி.இ. எண்ணும் கடன் தவணைகளும் இருக்கும். 7-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியைப் பலரும் தாண்டிவிடுகின்றனர், தாண்டக் கூடாது. கப்பல்களை நிர்வகிக்கும் நிறுவனம் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்ததா, அதற்கு எந்த அடிப்படையில் கட்டணம் போகிறது என்பன அங்கேதான் எழுதப்பட்டுள்ளன. ஈவுத்தொகைக் கொள்கையையும் தேட வேண்டும்: ஸ்கார்பியோ 2022-இல் காலாண்டுக்குப் பங்கொன்றுக்கு 10 சென்ட்டும், 2024-இல் 40 சென்ட்டும் வழங்கி, பெரும்பணத்தைக் கடன் அடைப்பதற்கும் சொந்தப் பங்கைத் திரும்ப வாங்குவதற்கும் செலவிட்டது. வேறு புராடக்ட் டேங்கர் நிறுவனங்களான ஹாஃப்னியா, டோர்ம் ஆகியவற்றின் ஈவுத்தொகையோ லாபத்தோடு ஏறி, லாபத்தோடு இறங்கும். ஓய்வூதியம்போல மாதாமாதம் நம்பத்தக்க வருமானம் இவற்றுள் எதிலும் இல்லை.

இனிப் பணம் அனுப்பும் தாள்கள். ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பும் திட்டத்தின்படி ஒருவர் நிதியாண்டொன்றுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வங்கியில் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு என்ற கட்டம் உண்டு. வெளிநாட்டுப் பங்கு முதலீட்டுக்கு எஸ்0001 என்பதே உரியது. உறவினர் பராமரிப்பு என்று எழுதிப் பணத்தை அனுப்பிப் பங்கு வாங்குவது அந்நியச் செலாவணி விதிமீறல். எதை எழுதினாலும் முத்திரை குத்திவிடும் கிளைகள் இருப்பது உண்மையே. ஆயினும் அறிவிப்பில் கையெழுத்திட்டவர் வாடிக்கையாளர் என்பதால் சிக்கலும் அவருக்கே. கடன் வாங்கிப் பங்கு வாங்கும் மார்ஜின் வணிகத்துக்கு இத்திட்டத்தில் பணம் அனுப்பவே கூடாது. அனுப்பிய டாலர் முதலீடாகாமல் தரகர் கணக்கில் 180 நாள்களுக்கு மேல் கிடக்கவும் கூடாது. திருப்பிக் கொண்டுவர வேண்டும். 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் முதலீட்டுத் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு டி.சி.எஸ். பிடிக்கும், அது கூடுதல் வரியன்று, முன்கூட்டிப் பிடித்த வரி, 26ஏ.எஸ். படிவத்தில் சரிபார்த்துக் கணக்குத் தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம்.

வருமானவரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கென எஃப்.ஏ. என்ற அட்டவணை உள்ளது. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், அது நட்டத்தில் இருந்தாலும், ஈவுத்தொகை வராவிட்டாலும் காட்டியாக வேண்டும். ஐ.டி.ஆர்-1 படிவத்தில் இந்த அட்டவணை இல்லை; சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவரும் ஐ.டி.ஆர்-2-க்கு மாற வேண்டும். பங்கை ஏ3 பகுதியிலும், தரகர் கணக்கை அதற்குரிய ஏ2 பகுதியிலும் எழுத வேண்டும்; வாங்கிய நாள், வாங்கிய மதிப்பு, ஆண்டின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 அன்றைய மதிப்பு, கிடைத்த ஈவுத்தொகை, விற்ற தொகை எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இங்கே கணக்கிடப்படுவது ஏப்ரல்–மார்ச் அன்று, ஜனவரி–டிசம்பர். பெரும்பாலோர் சறுக்குமிடம் இதுவே. நாட்டின் பெயரிலும் கவனம் வேண்டும்: நியூயார்க்கில் வணிகமாவதாலேயே ஒரு நிறுவனம் அமெரிக்க நிறுவனமாகிவிடாது. ஸ்கார்பியோ மார்ஷல் தீவுகளில் பதிவான நிறுவனம். 20-எஃப் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பதிவு நாடும் முகவரியும் அச்சாகியுள்ளன. கறுப்புப் பணச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு விதிக்கும் அந்தப் பத்து லட்சம் ரூபாய் அபராதத்திலிருந்து, அசையாச் சொத்து நீங்கலாக 20 லட்சம் ரூபாய்க்குட்பட்ட சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் விலக்கு வந்திருப்பது உண்மை. ஆனால் காட்ட வேண்டிய கடமைக்கு விலக்கு வரவில்லை. பிற நாடுகளிலிருந்து வரித்துறைக்குத் தகவல் தானாகவே வந்துசேர்கிறது. விடுபட்டிருந்தால், நோட்டீஸ் வருவதற்குள், திருத்திய கணக்குக்கான கெடுவுக்குள் திருத்த வேண்டும். மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: நட்டமான பங்கையும் காட்ட வேண்டும்.

முறையீட்டில் இடம் தவறுவதும் வழக்கமாகியுள்ளது. இந்தியச் சந்தையில் பட்டியலான நிறுவனத்தின் மீதோ, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவான தரகர் மீதோ குறை இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். 21 நாள்களுக்குள் பதில் வர வேண்டும், நிறைவில்லையெனில் 15 நாள்களுக்குள் மறுஆய்வு கேட்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளைக் கோட்டைவிடுவோரே அதிகம். நியூயார்க் பங்கைப் பற்றிய குறைக்கு ஸ்கோர்ஸ் இடமன்று. அங்குள்ள தரகரிடமும், பின்னர் அமெரிக்க ஆணையத்தின் இணைய முறையீட்டுப் படிவத்திலும் எழுத வேண்டும். தரகர் திவாலானால் 5,00,000 டாலர் வரை காக்கும் சிபிக் பாதுகாப்பு, விலை வீழ்ச்சிக்குப் பொருந்தாது. பணம் அனுப்புவதில் வங்கி இழுத்தடித்தால், முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, 30 நாள் கழிந்தபின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம். வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல் இல்லாத முறையீடு அங்கே நிற்காது.

வீட்டுப் பெட்டியில் கிரேட் ஈஸ்டர்ன், ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆகியவற்றின் பழைய காகிதப் பங்குகள் கிடப்பின், அவற்றுக்கும் நடவடிக்கை தேவை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாவிட்டால், ஈவுத்தொகையோடு பங்கும் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். முதலில் ஐ.எஸ்.ஆர்-1 படிவத்தில் பான், முகவரி, வங்கி விவரங்களைப் பங்குப் பதிவாளரிடம் புதுப்பித்து, உரிமைக் கடிதம் பெற்று, அதன்பின் ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்சுப் படியை ஈட்டுறுதிப் பத்திரத்தோடு நிறுவனத்தின் தொடர்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

கப்பல் ஒன்றில் பங்கு தருவதாகவும், மாத வாடகை வந்துகொண்டே இருக்கும் என்றும் கூறிப் பணம் திரட்டும் திட்டம் எதுவாயினும், செபியின் பதிவு எண்ணைக் கேட்டு அதை செபி தளத்திலேயே சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால், அன்றே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, பரிமாற்றத்தின் யு.டி.ஆர். எண்ணைச் சொல்லிப் பணத்தை முடக்கக் கோர வேண்டும். பலரிடம் வைப்புத்தொகையாக வாங்கியிருந்தால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் ரசீது, வங்கிக் கணக்குப் படி, உரையாடல் பதிவு ஆகியவற்றோடு எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அவரும் செயல்படாதபோது குற்றவியல் நடுவரிடம் மனு செய்ய அந்த ரசீது தேவைப்படும்.