ஏ.சி. இல்லாமலே குளிரும் மைசூரு வீடுகள்: தெரியுமா?

மைசூருவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் எது தெரியுமா? ஏப்ரல் 23-ஐ ஒட்டி, சித்திரை பிறந்து பத்தாம் நாள் வாக்கில்! கோடை உச்சத்தில் இருக்கும்போதே வெயிலும் செங்குத்தாக இறங்குகிறது. அடி முழுவதையும் வாங்குவது கூரை. வானம் தெளிந்திருந்தால், 1,000 சதுர அடி மொட்டை மாடியில் அந்த நேரத்தில் விழும் வெயிலின் சக்தி சுமார் 90 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பமோ 3.5 கிலோவாட்தான். இருபத்தைந்து ஏ.சி.க்கு வேலை வைக்கும் வெயில் உங்கள் தலைக்கு மேலே காய்கிறது! அதில் எவ்வளவு உள்ளே இறங்கும் என்பதைக் கூரைதான் தீர்மானிக்கிறது.

இன்னொரு வியப்பு: அந்த நாளிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கு வரை மைசூருவின் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு மட்டும் சன்ஷேடு வைத்துவிட்டு வடக்கை மறந்துவிடுகிறோமே!

கோடைக்கென்றே கட்டிய அரண்மனை ஒன்று மைசூருவுக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது. 1784-இல் திப்பு சுல்தான் எழுப்பிய தரியா தௌலத் பாக். மின்விசிறி என்ற ஒன்றே இல்லாத காலம். காவிரியை ஒட்டிய பெரிய தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடை, அதன்மேல் தேக்குத் தூண்கள், நாலாபுறமும் அகன்ற தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள், சூட்சுமம் புரிந்துவிடும். அறைச் சுவரின்மேல் உச்சி வெயில் படவே படாது! வெயில் தாழ்வாரத்தின் விளிம்போடு நின்றுவிட, மரநிழலில் தவழ்ந்து வரும் காற்றுக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. மேற்குச் சுவரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780-இல் நடந்த போரின் பிரம்மாண்ட ஓவியம். அதைக் காக்க இன்று தாழ்வாரத்தில் திரைகளும் தொங்குகின்றன. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு இங்கே குடிவந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி!

சரி, அரண்மனை இல்லாதவர்கள்? அவர்களுக்குத் தொட்டி மனை இருந்தது. நம் ஊர் முற்றம் வைத்த வீடுதான். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் ஓட்டுச் சார்ப்பு, வாசலில் திண்ணை. இரவில் முற்றத்துத் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, அது கீழே இறங்கிச் சுற்றியுள்ள அறைகளுக்குள் பரவும். பகலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விடும்.

அந்த முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தை வெளியேற்ற, ஒரு டன் ஏ.சி. பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும்! மார்ச், ஏப்ரலில் மைசூருக் காற்று உலர்ந்திருப்பதால் இந்த வித்தை நன்றாகவே பலிக்கும்.

மைசூருவின் உண்மையான செல்வம் அதன் இரவு. ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 750 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் பகலில் 35 டிகிரியை ஒட்டும் வெப்பம், இரவில் 21, 22-க்கு இறங்கிவிடும். இதை வைத்துத்தான் பழைய வீட்டின் கனத்த சுவர் வேலை செய்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்புறத்தில் பட்ட சூடு உள்ளே வந்து சேர ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். ஒன்றரை அடி மண்சுவர் என்றால் அரை நாள்! மதியம் மூன்று மணிக்கு அப்படிப்பட்ட சுவரின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். சூடு வந்து சேரும்போது வெளியே இரவு, ஜன்னல்கள் திறந்திருக்கும். காலை ஒன்பதுக்குள் ஜன்னலைச் சாத்து, பொழுது சாய்ந்ததும் திற: செலவே இல்லாத இந்தப் பழக்கத்தை நாம் தலைகீழாக்கி, உச்சி வெயிலில் காற்று வரட்டும் என்று எல்லாவற்றையும் திறந்து வைக்கிறோம்! (சென்னைக்காரர்கள் கவனிக்க: கடலோரத்தில் கோடை இரவும் புழுங்கும். அங்கே குறுக்குக் காற்றுதான் கைகொடுக்கும்.)

கூரைக்கு வருவோம். மைசூருவின் பழைய பங்களாக்கள் பலவற்றின் தலையில் இருப்பது நம் மெட்ராஸ் டெரஸ்! மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டத்தில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தடித்த கூரை, மெதுவாகத்தான் சூடேறும். ஒன்று மட்டும்: மழைநீர் கசிந்து உத்தரம் உளுத்துவிட்டால் அவ்வளவுதான். பராமரிப்பு இல்லாமல் இந்தக் கூரைகளை இழந்துவருகிறோம் என்பது மனதை வருத்துகிறது.

கூரைக்கு அடுத்தது ஜன்னல். எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் மைசூருவின் யாதவகிரியில் தனக்காகக் கட்டிய வீட்டின் எழுத்தறைக்கு எட்டு ஜன்னல்கள். இடிபடாமல் மீட்கப்பட்ட அந்த வீடு 2016 முதல் அருங்காட்சியகம், நேரில் போய்ப் பார்க்கலாம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைப் பாருங்கள். 1974-இல் அங்கே தொடங்கிய 'அஸ்த்ரா' திட்டம், மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கல்லைப் பரப்பியது. சூளையே வேண்டாம், விறகும் மிச்சம்! கேரளத்தில் லாரி பேக்கர் இன்னொரு வழி காட்டினார். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட் பெரிதாகப் பாரம் தாங்குவதில்லை. அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து நிரப்பினால் சிமென்டும் குறையும், இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

இந்த ஆண்டு வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏ.சி. எத்தனை டன் என்று கேட்பதற்கு முன் மேஸ்திரியிடம் மூன்று விஷயம் பேசுங்கள். மேற்குச் சுவரின் பக்கம் படுக்கையறை வேண்டாம், மாடிப்படியோ ஸ்டோர் ரூமோ வரட்டும். அதற்கு வெளியே ஒரு புங்க மரம் நடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சுத்தமான வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் பாதிக்கு மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. நீங்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம், பங்குனி முடிவதற்குள் அடித்துவிடுங்கள்.