உங்களுக்குத் தெரியுமா? அயலார் வாயில் நம்ம ஊர்

இத்தாலிக்காரர்களுக்கு லண்டன் ‘லோந்த்ரா’, பாரிஸ் ‘பரீஜி’. ஜெர்மனியின் மியூனிக் நகரமோ ‘மோனாக்கோ’! கார் பந்தயத்துக்குப் பேர்போன குட்டி நாடு மோனாக்கோவுக்கும் அதே பெயர்தான். குழப்பம் வந்தால் மியூனிக்கை ‘பவேரியாவின் மோனாக்கோ’ என்று விளக்கிச் சொல்வார்கள். காரைக்கால் சீமையும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை.

1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், அவர்கள் ஏட்டில் ‘கரிக்கால்’ ஆனது. திருநள்ளாறு ‘திர்னூலார்’. சனிப்பெயர்ச்சிக்கு வருகிறவர்கள் அந்தக் கால வரைபடத்தை நம்பினால் நளதீர்த்தம் போய்ச் சேர்வது சந்தேகமே.

உச்சம், திருமலைராயன்பட்டினம். காளமேகப் புலவர் வசை பாடி மண்மாரி பொழிய வைத்தார் என்று கதை சொல்வார்களே, அதே ஊர். இத்தனை நீளப் பெயர் நாவில் புரளாமலோ என்னவோ, பிரெஞ்சுக்காரர் அதை அடியோடு தூக்கிப் போட்டுவிட்டு ‘லா கிராந்த் அல்தே’ என்றார்கள். ‘பெரிய கிராமம்’, அவ்வளவுதான்! அதிலும் ‘அல்தே’ பிரெஞ்சின் சொந்தச் சரக்கல்ல; போர்த்துக்கீசியரிடம் வாங்கியது, அவர்களுக்கோ அரபியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரை மட்டும் குறை சொல்வானேன்? நாமும் ‘டி.ஆர். பட்டினம்’ என்று சுருக்கிவிட்டோம்.

வடக்கே தரங்கம்பாடி: 1620-ல் வந்த டேனிஷ்காரருக்கு ‘ட்ராங்கேபார்’. தெற்கே நாகப்பட்டினம்: போர்த்துக்கீசியருக்கு ‘நெகபத்தாவ்ன்’, ஆங்கிலேயருக்கு ‘நெகபட்டம்’.

19-ஆம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையைச் சேர்ந்த தமிழர்கள். தீவில் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு இன்றும் பெயர் ‘மல்பார்’, அதாவது எதிர்க்கரையான மலபாரின் பெயர்! அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையும் ‘மலபார்’ என்றே குறித்ததால் வந்த வினை.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. மலேசியாவின் கெடா, சோழர் கல்வெட்டில் ‘கடாரம்’. அந்தக் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்குத்தான் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாகத் தந்தான். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் நிக்கோபார் தீவுகள் ‘மாநக்கவாரம்’. சுமார் இரண்டரை நூற்றாண்டு கழித்து அந்தக் கடல்வழியே போன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதே தீவுகளை எப்படி எழுதிவைத்தார் தெரியுமா? ‘நெக்குவெரான்’!